மூன்றாவது மாடிக்கு மாற்று ஏற்பாடு

சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி கேட்டால் அமைச்சர் எழுந்து ஒரு தாளைப் பார்த்துப் பதில் வாசிப்பார் அல்லவா, அந்தத் தாளை எழுதுகிறவன் நான். சுகாதாரத் துறை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே பிரிவு, இதே நாற்காலி. அலுவலகத்தில் எனக்குச் 'சமாளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. பொய் எழுதக் கூடாது, பிடிபட்டால் அமைச்சருக்குத் தலைவலி. உண்மையை அப்படியே கொட்டிவிடவும் கூடாது, அது இன்னும் பெரிய தலைவலி. நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது, அதில் நான் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். ஒரே ஒரு விஷயத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். அமைச்சர் வாய் தவறி, இன்ன தேதிக்குள் செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி ஆகிவிடும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, செய்தாயா செய்தாயா என்று துறையின் உயிரை வாங்குவதற்கென்றே உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. நான் எழுதிய பதில் எதுவும் அந்தக் குழுவின் கண்ணில் பட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எந்த உறுப்பினரின் கேள்வி அவையில் வரும் என்பதைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். ஒரு தடவை எங்கள் துறைக்கு விழுந்த கேள்வி இது: 'எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் லிஃப்ட் நெடுநாளாக இயங்கவில்லை என்பதை அரசு அறியுமா? அறியுமெனில், எப்போது சரிசெய்யப்படும்?' கேட்டிருந்த உறுப்பினர் என் அக்கா.

அக்கா முன்பு அந்த மருத்துவமனை வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ரிப்போர்ட்டை நகலெடுக்க வருகிறவர்கள் அவளிடம் ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் போவார்கள். புலம்பலைக் கேட்டுக் கேட்டே அவளுக்கு ஊர் முழுக்கப் பழக்கம். எதிர்க்கட்சிக்காரர்கள் ஆள் கிடைக்காமல் அவளைத் தேர்தலில் நிறுத்தினார்கள். கட்சிக்கே தூக்கிவாரிப் போடும்படி ஜெயித்துவிட்டாள். இப்போது கடையை அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, பார்த்துக்கொள்கிறார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனேன்.

"சார், இது எங்க அக்கா. நான் பதில் எழுதினா நல்லா இருக்காது. வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வேற யார்கிட்ட குடுக்கறது? அவங்க என்ன கேப்பாங்க, எப்படிக் கேப்பாங்கன்னு உன்னைவிட யாருக்குய்யா தெரியும்? இது நமக்கு அடிச்ச யோகம். போய் எழுது."

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விட முடியாது. அக்கா ஜெயித்த அன்றே அப்பா எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். "அவ கேக்கறவ, நீ பதில் எழுதறவன். அந்தப் பேச்செல்லாம் செருப்போட சேத்து வாசல்லயே கழட்டிடணும்." அக்கா எதிர்த்த தெருவில்தான் இருக்கிறாள், அப்பா என்னோடு இருக்கிறார். அவள் வருவாள், அப்பாவின் மாத்திரை டப்பாவைப் பார்ப்பாள், என்னோடு தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவாள், போய்விடுவாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். "டிக்கெட்" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்பார். பிறகு பேசாமல் நிற்பார். கோபமாகப் பார்க்க மாட்டார், மிரட்ட மாட்டார், நிற்பார், அவ்வளவுதான். டிக்கெட் வாங்காதவன் தானாகவே ஆரம்பித்துவிடுவான். கவுன்டரில் கூட்டம் என்பான். டிக்கெட் அடுத்த பெட்டியில் மச்சானிடம் இருக்கிறது என்பான். அப்பா நின்றுகொண்டே இருப்பார். கடைசியில் அபராதம் எவ்வளவு என்று அவனே கேட்பான். டிக்கெட்டை ஒழுங்காக நீட்டியவரிடம் மட்டும் "சரி, உக்காருங்க" என்பார். அவர் யாரையும் அதற்கு மேல் பாராட்டி நான் கேட்டதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். "கண்ணாடிய உடைச்சது யாரு?" ஒரே தடவை. நான் உடைக்காத கண்ணாடியைக்கூட ஒப்புக்கொண்டிருக்கிறேன். அக்கா மட்டும் அசரமாட்டாள், பதிலுக்கு அவரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இரண்டு பேரும் அப்படி நின்று ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே நேரமாகிவிட்டது.

அப்பாவுக்கு இப்போது சிறுநீரகம் வேலை செய்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அது நடப்பது அதே அரசு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில். லிஃப்ட் இருக்கிறது. அதன் கதவைத் திறந்தால் உள்ளே துடைப்பம், வாளி, உடைந்த ஸ்டாண்டுகள், ஒரு பழைய மெத்தை. துப்புரவு செய்கிற அம்மா அதைப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறார். மருத்துவமனையிலேயே ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிற அறை அது ஒன்றுதான்.

ஆகவே அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மாமாவும் பின்னால் நானும் பிடித்துக்கொண்டு படியேறுவோம். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே வருவாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு, நேராக உட்கார்ந்து வருவார்.

"முன்பக்கம் தாழுது" என்பார்.

"தாழாது மாமா, படி அப்படி" என்பார் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு. அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"படிய நான் எதுவும் சொல்லல. முன்பக்கம் தாழுது."

எதிரே இன்னொரு நாற்காலி இறங்கி வந்தால் திருப்பத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். முதலில் யார் போவது என்று அங்கே எழுதாத விதி ஒன்று உண்டு, இறங்குகிறவர்களுக்கு வழி. அவர்கள் ஊசி குத்தி முடித்துக் களைத்திருப்பார்கள். மூன்றாவது மாடி போய்ச் சேர்ந்ததும், கண்காணிப்பாளர் அறைக்கு வெளியே ஒரு மரப்பெட்டி மாட்டியிருக்கும். புகார்ப் பெட்டி. அதன் மேல் நாங்கள் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு மூச்சு வாங்குவோம்.

இந்தப் படியிலிருந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு, அலுவலகத்துக்குப் போய் நான் எழுதிய பதில் கீழே.

'மேற்படி மருத்துவமனையில் லிஃப்ட் வசதி உள்ளது. அதன் இயக்கம் தொழில்நுட்பக் காரணங்களைப் பொறுத்தது. இது குறித்துப் புகார் ஏதும் பெறப்படவில்லை. நோயாளிகள் மேல்மாடிகளுக்குச் செல்ல மாற்று ஏற்பாடுகள் நடைமுறையில் உள்ளன.'

புகார் வரவில்லை என்பது உண்மை. மூன்று மாடி ஏறியவனுக்குப் பேனாவைப் பிடிக்கத் தெம்பு இருக்காது. மாற்று ஏற்பாடு என்பதும் உண்மை. மாற்று ஏற்பாடு என்றால் நானும் மாமாவும்தான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் பதிலில் ஓர் ஓட்டை இல்லை.

பதில் வாசித்த பிறகு கேட்டவருக்குத் துணைக் கேள்வி கேட்க உரிமை உண்டு. அதற்கும் நாங்கள்தான் முன்கூட்டியே குறிப்பு எழுதித் தர வேண்டும். அக்கா இப்படிக் கேட்டால் அப்படிச் சொல்லுங்கள், அப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று அவள் மூக்கைச் சொறிவது வரைக்கும் யோசித்து எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'உறுப்பினர் எதுவும் கேட்காமல் நின்றால், மாண்புமிகு அமைச்சர் உடனே அமர்ந்துவிடலாம்.'

பிரிவுத் தலைவர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார்.

"இது என்ன கேள்வியா, பதிலா? பேசாம நின்னா நமக்கு என்னய்யா நஷ்டம்? நல்லதுதானே?"

"சார், அவங்க நின்னா..."

"நிக்கட்டும்யா. கால் வலிச்சா உக்காந்துடுவாங்க."

நான் மேலே வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் ஏதோ லேசானது போல இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அடித்தது அவர் மை.

எங்கள் அமைச்சர் அரசியலுக்கு வருமுன் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். அந்தச் சந்தையில் ஏலம் மேலிருந்து கீழே வரும். மூட்டைக்கு ஒரு பெரிய விலையைச் சொல்வார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் குறைப்பார்கள், இன்னும் குறைப்பார்கள். எவனாவது கையைத் தூக்கினால் மூட்டை அவனுக்கு. அமைச்சர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பேசி முடித்ததும் எதிரே இருப்பவர் சும்மா இருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அக்காவின் கேள்வி வருகிற நாள் காலையில் குறிப்பை விளக்கப் போனபோது, நான் மூச்சு விட நிறுத்திய இடைவெளியில் எனக்கு ஒரு பதவி உயர்வு தருவதாகச் சொல்லிவிட்டார். மறுபடி பேசத் தொடங்கியதும் அதை மறந்துவிட்டார்.

கேள்வி நேரம் வந்தது. நானும் பிரிவுத் தலைவரும் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவைத்தலைவர் அக்காவின் கேள்வி எண்ணைக் கூப்பிட்டார். அமைச்சர் என் பதிலை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். 'மாற்று ஏற்பாடுகள்' என்ற இடத்தில் ஆளுங்கட்சி வரிசையில் மேசையைத் தட்டினார்கள். பிரிவுத் தலைவர் என் தொடையைத் தட்டினார்.

"உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கலாம்" என்றார் அவைத்தலைவர்.

அக்கா எழுந்தாள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"லிஃப்ட் எப்போது ஓடும்?" என்றாள். பிறகு அமைச்சரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

அமைச்சர் என் குறிப்பில் இருந்ததைச் சொன்னார். உதிரிபாகங்கள், ஒப்பந்தப்புள்ளி, நிதி ஒதுக்கீடு, உரிய நேரம். சொல்லி முடித்தார். அக்கா நின்றாள். கேட்டவர் உட்காரும்வரை பதில் முடிந்ததாக ஆகாது என்பது எங்கள் அவையின் பழைய வழக்கம். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, ஏனென்றால் எங்கள் அவையில் யாரும் பேசாமல் நின்றதே இல்லை.

"அதாவது..." என்றார் அமைச்சர். "இந்த ஆண்டு முடிவதற்குள் கண்டிப்பாக முயற்சி எடுக்கப்படும்."

அக்கா நின்றாள்.

"ஏதாவது எழுதிக் குடுய்யா!" என்று பிரிவுத் தலைவர் என் விலாவில் இடித்தார். நான் ஒரு துண்டுச் சீட்டில் 'ஐயா, அமரவும்' என்று எழுதி அவைப் பணியாளரிடம் கொடுத்தேன். அவர் படியிறங்கி, பாதி வழி போய், அப்படியே நின்றுவிட்டார். ஓர் உறுப்பினர் எழுந்து நிற்கும்போது அவருக்கும் அவைத்தலைவருக்கும் குறுக்கே யாரும் நடக்கக் கூடாது. இதுவும் வழக்கம். சீட்டு அவர் கையிலேயே இருந்தது.

அமைச்சர் முகத்தில் வியர்வை. மேசையில் விரலால் தாளம் போட்டார். எதிரே இருப்பவள் வாங்குவாளா, மாட்டாளா? பழைய சந்தை அவர் உடம்புக்குள் எழுந்துவிட்டது.

"ஆறு மாதம்!" என்றார். அக்கா நின்றாள். "சரி, மூன்று மாதம்!" அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஆளுங்கட்சி வரிசையில் யாரோ "ஐயா, ஐயா" என்று முனகினார்கள். அமைச்சருக்கு அது கேட்கவில்லை. ஏலத்தை முடிக்கப் போகிறவரைப் போல வலது கை தானாக மேலே போனது.

"கடைசியாகச் சொல்கிறேன், ஒரு மாதம்! ஒரு மாதத்தில் ஓடும்!"

"ஏற்றுக்கொள்கிறேன். நன்றி" என்று அக்கா உட்கார்ந்தாள்.

அமைச்சர் திருப்தியாகச் சிரித்தார், மூட்டை போய்விட்டதே. சிரிப்பு பாதியில் இருக்கும்போதே என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அன்று சாயங்காலமே என்றுகூடச் சொல்லியிருப்பார். அக்காவுக்குப் பேராசை கிடையாது.

அவள் அன்று மாலை வீட்டுக்கு வந்தாள், மாத்திரை டப்பாவைப் பார்த்தாள். "குழாய்க்கு ஆள் வந்தானா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன்.

அடுத்த வாரம் உறுதிமொழிக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. துறைச் செயலாளர் என்னை நேரடியாகக் கூப்பிட்டார். அவர் அறைக்கு நான் அதுவரை போனதில்லை. உட்காரச் சொன்னார், அதிலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"அமைச்சர் சொன்னது உறுதிமொழியே இல்லைன்னு ஒரு விளக்கம் வேணும். உங்களாலதான் முடியும்னு சொல்றாங்க."

முடியும். அங்கேயே மூன்று வழி தோன்றியது. அன்று எழுதியது என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அழகான விளக்கம். 'ஒரு மாதம் என மாண்புமிகு அமைச்சர் குறிப்பிட்டது, உரிய நடைமுறைகள் முடிவுற்ற தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டியது.' நடைமுறைகள் எப்போது முடியும் என்று எவனாலும் சொல்ல முடியாது. மறுநாள் கொடுத்துவிடலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நன்றாகத் தூங்கினேன், அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் டயாலிசிஸ். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாமாவின் கை நழுவியது. வேர்வை, வேறொன்றுமில்லை. நாற்காலி முன்னால் சாய்ந்தது. அப்பா ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா பையைப் போட்டுவிட்டு அவர் மார்பில் தோளைக் கொடுத்து நின்றாள். பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் படியில் உருண்டு உருண்டு தரைத்தளம் வரைக்கும் போயின. அந்தச் சத்தம் நிற்கும்வரை நாங்கள் நாலு பேரும் அசையவில்லை.

"ஒண்ணும் ஆகல" என்றார் அப்பா. அவர் கை கம்பியை விடவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"முன்பக்கம் தாழுதுன்னு அப்பவே சொன்னேன்" என்றார் பிறகு.

மாமா சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. என் கையில் இருப்பது நாற்காலியின் ஒரு பக்கம் மட்டுமல்ல, இழுப்பறையில் இருக்கும் அந்தத் தாளும்தான் என்று புரிந்த பயம்.

அலுவலகத்துக்குப் போனேன். அழகான விளக்கத்தை எடுத்துக் கிழித்தேன். புதுத் தாளில் எழுதினேன்: 'ஒரு மாதத்தில் லிஃப்ட் இயங்கும் என மாண்புமிகு அமைச்சர் அவையில் கூறினார். அது உறுதிமொழியே.' கொண்டுபோய்ச் செயலாளரிடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மிச்சம் எங்கே?"

"அவ்வளவுதான் சார்."

"இத எழுதவா உங்களுக்குச் சமாளின்னு பேரு?"

"வேற யாராவது வேற மாதிரி எழுதலாம் சார். எழுதினா, நான் குழுவுக்கு முன்னாடி போய் நிக்க வேண்டியிருக்கும். அவங்க கேட்டா, இல்லைன்னு சொல்லாம பேசாமதான் நிப்பேன்."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று தெரியவில்லை. அந்தத் தாளே குழுவுக்குப் போனது. அந்த வாரமே எனக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. ஊருக்கு வெளியே பழைய கோப்புகளைக் கொட்டி வைத்திருக்கும் கிடங்கு. அங்கே எனக்கு ஒரு மேசையும், கோப்புகளைத் தின்னும் கரையானும். பதவி உயர்வு இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று பிரிவுத் தலைவர் போனில் வருத்தமாகச் சொன்னார். நான் வீட்டில் சொல்லவில்லை. சீக்கிரம் கிளம்பினேன், தாமதமாக வந்தேன். யாராவது கேட்டால் வேலை அதிகம் என்றேன்.

மாதம் முடிவதற்குள் லிஃப்ட் ஓடியது. அமைச்சர் வந்து நாடா வெட்டி, அரசு தானாகவே முன்வந்து செய்தது என்று பேசிவிட்டுப் போனார். அக்காவுக்கு அழைப்பில்லை. துப்புரவு அம்மா மட்டும் துடைப்பங்களை இனி எங்கே வைப்பது என்று எல்லாரிடமும் சண்டை பிடித்தார்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் மாமா கடையைத் திறந்துவிட்டார். அவர் வர வேண்டிய அவசியமில்லை, அக்காவுக்கு அன்று அவை இருந்தது. சக்கர நாற்காலியில் அப்பாவைத் தள்ளிக்கொண்டு நான் மட்டும் லிஃப்ட்டுக்குள் போனேன். வெட்டிய நாடாவின் ஒரு நுனி கதவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு மூடியது. அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"உன்னை எங்க மாத்தியிருக்காங்க?"

ஒரே தடவைதான் கேட்டார்.

நான் கதவுக்கு மேலே எரியும் எண்ணைப் பார்த்தேன். ஒன்று.

"மாத்தலாம் இல்லப்பா. வேலை கொஞ்சம் ஜாஸ்தி."

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஆபீஸ்ல ஆள் கம்மி. கொஞ்ச நாளைக்குத்தான்."

இரண்டு. அவர் கண் என்னைவிட்டு நகரவில்லை. சரிசெய்த லிஃப்ட் என்று பேர், அப்படி ஊர்ந்தது.

"ஃபைல் கிடங்குப்பா" என்றேன். அதற்குப் பிறகு எல்லாமே வந்துவிட்டது. "அமைச்சர் சொன்னது உறுதிமொழி இல்லைன்னு எழுதச் சொன்னாங்க. நான் எழுதியும் வெச்சிட்டேன்ப்பா. மாமா கை நழுவின அன்னிக்குத்தான் அதக் கிழிச்சேன். முன்னாடியே கிழிச்சிருக்கணும். இனிமே பிரமோஷனெல்லாம் கிடையாது."

மூன்று. கதவு திறந்தது. வெளியே நர்ஸ் காத்துக்கொண்டு நின்றார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தலையசைத்தார்.

"சரி, உக்காரு" என்றார்.

உட்கார அங்கே இடமில்லை. அந்த லிஃப்ட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அவர்தான் இருந்தார். எனக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. கதவு மூடப் பார்த்தது. காலை நீட்டித் தடுத்துக்கொண்டு, நாற்காலியின் பிடியை விடாமல் நின்றேன்.